சனிக்கிழமை நோயாளி

“உம் பேர எழுதிக்கிட்டாங்களா, இல்ல சும்மா வந்துட்டுப் போறியா?”

சித்தப்பா இதைக் கேட்டபோது நான் கதவோரம் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் பின்னலை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மதியம். பள்ளிக்கூட மண்டபத்தில் முதலுதவி வகுப்பு. போர் எங்கள் ஊருக்கு வருவதற்கு முந்தைய காலம். சண்டை எங்கேயோ வெள்ளைக்காரர் தேசத்தில் நடந்துகொண்டிருந்தது. பினாங்கில் அதற்காக நாங்கள் கட்டுப் போடக் கற்றுக்கொண்டிருந்தோம்.

அடுத்த வீட்டுச் சித்தப்பா கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தில் பேர் உள்ளவர்கள், இல்லாதவர்கள். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் இடத்துக்கு, போய் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரியான மண்டோர் பேரைக் கூப்பிடுவார், கணக்கெழுதும் கிராணி செக்ரோலில் குறி போடுவார். குறி விழாதவன் பொழுதுக்கும் மூட்டை சுமந்தாலும் மாலையில் “நீ யாரு?” என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு அப்படி நேர்ந்ததுண்டு. அப்பாவும் முனிசிபல் ரோட்டு வேலைக்காரர். டத்தோ கிராமாட் ரோட்டுக்குப் பின்னால் முனிசிபல் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் இருந்த எல்லாருமே பெரட்டில் பேர் கேட்டு வாழ்ந்தவர்கள்தான்.

நான் அப்படி வாழப்போகிறவள் இல்லை என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அதுவும் ஆங்கிலப் பள்ளி. லைனில் யாருக்கு ஆபீசிலிருந்து தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் படித்துச் சொல்லும்போது அப்பா பக்கத்தில் நின்று, வாசிப்பவர் தாமே என்பதுபோல் தலையாட்டுவார்.

“இது கூலி வேலை இல்ல சித்தப்பா,” என்றேன். “படிச்சவங்க தொண்டா செய்றது. அங்க பெரட்டெல்லாம் கிடையாது.”

“அப்ப சரிலா. படிச்சவங்க ஞாபகம் வச்சிக்குவாங்க,” என்று சொல்லிவிட்டுப் பாயில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அங்கேயும் பெரட்டு இருந்தது. அது எனக்குத் தெரியும். வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிடுவார்கள். பச்சைத் துணி ஒட்டிய கனமான புத்தகம் அது. பேர், விலாசம், சேர்ந்த நாள், முதலுதவித் தேர்வு, வீட்டு நர்சிங் தேர்வு, சந்தா, வருகை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். அதை வைத்திருந்தவள் எங்கள் முதலுதவிப் பிரிவின் செயலாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவளுடைய தகப்பனார் அரசாங்க ஆபீசில் பெரிய கிராணி. என் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவள். நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். என்னை அங்கே அழைத்துப் போனவளும் அவள்தான்.

முதல் நாள் நடந்தது இதுதான். தொடையில் எலும்பு முறிந்தவருக்குப் பலகை வைத்துக் கட்டுவது எப்படி என்று வெள்ளைக்காரச் சூப்பிரண்டு அம்மா காட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதற்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. மற்றப் பெண்கள் கஞ்சி போட்டு இஸ்திரிப்பெட்டியால் தேய்த்த உடையில் வந்திருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

“நீர் ஒருக்காப் படுக்கிறீரா, தங்கச்சி? நீர்தான் மெலிவு, தூக்கிறதுக்குச் சுகம்.”

படுத்தேன். ஒரு சின்ன அட்டையில் ‘இடது தொடை எலும்பு முறிவு’ என்று ஆங்கிலத்தில் எழுதி என் சட்டையில் குத்தினார்கள். அடுத்த வாரம் வலது முன்கை. அதற்கடுத்து பாம்புக்கடி, தீப்புண், நீரில் மூழ்கியவள். போகப்போக நான் மண்டபத்துக்குள் நுழைந்ததுமே தரையில் விரிப்பை விரித்து விடுவார்கள். அக்கா பேர் கூப்பிடத் தொடங்கும்போது நான் ஏற்கெனவே படுத்திருப்பேன். மற்றவர்கள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள். என் பேர் வராது. விழுந்து கிடக்கிறவளை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

படுத்துக்கொண்டு நான் கற்றது கொஞ்சமில்லை. முடிச்சு எலும்பின் மேல் உட்கார்ந்தால் எப்படி வலிக்கும், கட்டு இறுகினால் விரல் நுனி முதலில் குளிர்ந்து பிறகு மரத்துப்போகும் என்பதெல்லாம் கட்டுகிறவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முதலுதவிப் புத்தகத்தை அக்காவிடம் இரவல் வாங்கி முழுவதும் மனப்பாடம் செய்தேன். தேர்வு நாள் வந்தபோது எழுத உட்காருவேன் என்றுதான் போனேன். ஆனால் தேர்வு எடுக்க வந்த டாக்டர் முன்னால் கட்டுப்போட்டுக் காட்ட ஒரு நோயாளி வேண்டுமே. 

“இந்த முறை மட்டும்,” என்றாள் அக்கா. “பிறகு நீர் எழுதலாம்.”

அன்று பகல் முழுவதும் படுத்துக்கிடந்தேன். ஒரு பெண் பலகையை வைத்துவிட்டு எந்தக் கட்டை முதலில் போடுவது என்று தெரியாமல் விழித்தாள். “மேல கட்டு முதல்ல,” என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன். டாக்டருக்குக் கேட்டுவிட்டது. 

“நோயாளிக்கு மயக்கம்,” என்றார் அவர். “மயக்கத்தில் இருப்பவர்கள் ஆலோசனை சொல்வதில்லை.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் தேறினாள்.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் பேரையும் எழுதுங்கள் என்று. நாக்கு நுனிவரை வந்ததுண்டு. ஆனால் அப்படிக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிராணியின் மேசை முன்னால் தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, “ஐயா, எம் பேரு” என்று இழுத்து நிற்கும் ஆண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கிராணி வீட்டுப் பெண்ணின் மேசை முன்னால் நானும் அப்படி நிற்பதா? கேட்காமலே எழுதுவார்கள், படித்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள் என்று இருந்துவிட்டேன். மற்றப் பெண்களுக்கு இந்தச் சங்கடமே இருந்திருக்காது. அவர்கள் வீட்டில் பேர் எழுதுகிறவர்கள்தான் இருந்தார்கள்.

அதற்குள் வருடாந்திர அணிவகுப்பு வந்தது. வரிசைக்கு ஒரு ஆள் குறைந்தது. யாரோ காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவளுடைய சாம்பல் நிறக் கவுனையும் வெள்ளை ஏப்ரனையும் தொப்பியையும் எனக்கு மாட்டிவிட்டார்கள். கடற்கரைத் திடலில் பேண்டு வாத்தியத்துக்கு அடியெடுத்து வைத்தேன். கூட்டத்தில் அப்பா நின்றார். வேலையிலிருந்து நேராக வந்தவர், முழங்கால்வரை தார். பக்கத்திலிருந்த சீனரிடம் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அந்தச் சீனர் மரியாதையாகத் தலையசைத்தார்.

அன்றிலிருந்து லைனில் என் பேர் மிஸ்ஸி. நர்சுகளை அப்படித்தான் இங்கே சொல்வோம். “மிஸ்ஸி வருது, வழிய விடு,” என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கேலியும் மரியாதையுமாக ஒதுங்குவார்கள். நான் மறுக்கவில்லை. குடத்தை முதலில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த டிசம்பர் வந்தது. ஜப்பான் விமானங்கள் வந்தபோது, நம்முடையவை என்று நினைத்து ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். குண்டு விழுந்த பிறகுதான் ஓடினார்கள். மறுநாள் காலையில் ஊரே ஆயர் ஈத்தாம் பக்கம் நடக்கத் தொடங்கியது. மலையடிவாரத்தில் மரங்கள் உண்டு, குண்டு விழாது என்றார்கள். எங்கள் லைனிலும் ஒவ்வொரு வீடாகப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். சித்தப்பாவும் கிளம்பினார். அம்மா அரிசியையும் இரண்டு சட்டியையும் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டுத் தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அசையவில்லை. 

“இவளக் கூப்பிட வருவாங்க,” என்றார். “அடிபட்டவன் ஊரெல்லாம் கெடக்கிறான். நாம போயிட்டா இவள எங்கன்னு தேடுவாங்க?”

வருவார்கள் என்று நானும் நம்பினேனா? ஆபத்துக் காலத்தில் பதிவேட்டிலிருக்கும் விலாசம் பார்த்துச் சைக்கிளில் ஆள் அனுப்புவது எங்கள் பிரிவின் ஏற்பாடு. என் விலாசத்தை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அது எனக்கு அப்போது, வாசலில் நிற்கும்போது, நன்றாக ஞாபகம் வந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. முகம் கழுவி, பின்னலை மடித்துக் கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த விமானங்கள் வந்தபோது நாங்கள் நால்வரும் லைனுக்குப் பின்னாலிருந்த பெரிய கால்வாயில் குதித்தோம். அப்பா கடைசியாக இறங்கினார்; ஆள் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பால்காரர் கொட்டகையில் குண்டு விழுந்தது. மாடுகள் செத்துப்போயின. எங்களுக்குக் காயமில்லை. ஆனால் அப்பாவின் வலது காது அதோடு போயிற்று. இடது காதிலும் பாதிதான் மிச்சம்.

அன்று மாலை ஆயர் ஈத்தாமுக்கு நடந்தோம். வழியெல்லாம் கேட்டவர்களிடம் அப்பா, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், “டியூட்டி இருந்திச்சு, அதான் லேட்டு,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளைக்காரர்கள் ஓசைப்படாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். சூப்பிரண்டு அம்மாவும் போய்விட்டார். ஜப்பான்காரர்கள் வந்தார்கள். நாங்கள் லைனுக்குத் திரும்பினோம். சந்தியில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கக் கற்றுக்கொண்டோம். அரிசி குறைந்தது, மரவள்ளிக்கிழங்கு கூடியது. ஜப்பான்காரர்கள் வாழைமரம் அச்சடித்து வெளியிட்ட நோட்டுக்குக் கடையில் உப்புக்கூடக் கிடைக்காத நாட்கள் வந்தன. லைனில் பாதிப்பேருக்குக் காலில் ஆறாத புண். 

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து அறிவிப்பு வந்தது. நர்சுகள் போதவில்லை, பழைய முதலுதவிப் பிரிவின் உறுப்பினர்கள் வந்து பதிந்துகொண்டால் வார்டில் வேலை, கையில் கட்ட அடையாளப் பட்டி, வீட்டுக்கு அரிசி. அப்பா அதை என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரரிடம் வெள்ளைக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கி வந்தார்.

“நான் தனியாப் போறேன்பா.”

“மிஸ்ஸி தனியாப் போறதா? நான் வர்றேன்.”

அம்மா தங்கையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அரிசி என்ற சொல்லைக் கேட்ட பிறகு அவள் என் முகத்தையே பார்க்கவில்லை, எதையும் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதுபோல.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேசை போட்டிருந்தார்கள். நம்மவர் ஒரு டாக்டர். அவர் பக்கத்தில் அக்கா, முன்னால் அதே பச்சைப் பதிவேடு. என்னோடு மண்டபத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பேரைச் சொன்னதும் அக்காவின் விரல் பக்கத்தில் இறங்கும், நிற்கும், டாக்டர் எழுதிக்கொள்வார். நான் மெதுவாகச் சொன்ன பேருக்கு அந்த விரல் இறங்கவே இல்லை. அக்கா பதிவேட்டை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையின்ர பேர் இதில இல்லை, டொக்டர்.”

அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்ன என்று என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி அவருடைய நல்ல காதில் சொன்னான். அப்பா கோட்டைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு அருகே போனார். 

“நல்லாப் பாருங்கம்மா. பெரட்டுல நின்னா. நான் கண்ணால பாத்தேன். இவ நின்னாளே, தொப்பியோட.”

எங்கள் லைன் பேச்சு தாழ்வாரம் முழுவதும் கேட்டது. பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அக்காவின் முகம் சிவந்தது. அவள் கெட்டவள் இல்லை.

“வந்தவதான், ஐயா. ஒரு கிழமைகூட விடேல்லை.”

“என்னவாக வந்தாள்?” என்றார் டாக்டர்.

“பேஷண்டாக.”

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்பா அந்தச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் வழங்கும் சொல், அவருக்கும் தெரிந்ததுதான். 

“இவளுக்கு ஒரு நோவும் கிடையாதுங்க ஐயா,” என்றார் பதறி. “சின்ன வயசில அம்மை போட்டது, அதோட சரி. நல்ல ஒடம்பு.”

இந்த முறை வரிசையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. உறுப்பினர் இல்லாதவரை நர்சாக எடுக்க முடியாது, ஆயா வேலைக்கு ஆள் வேண்டும், விருப்பமிருந்தால் பின்வாசலில் கேட்கலாம் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அப்பாவுக்குப் புரியக்கூடாது என்ற நாகரிகம் அது. நானும் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. “அப்புறம் வரச் சொல்றாங்க,” என்று அவர் காதில் சொன்னேன். 

ஆயா என்றால் பெட்பேன் கழுவுவது, தரை துடைப்பது. பேனா பிடித்த கையா அதைச் செய்வது என்று நினைத்துக்கொண்டேன். அது மட்டுமா? அந்தத் தாழ்வாரத்தில் அக்கா நர்சாக நடக்க, நான் அவள் முன்னால் வாளியோடு ஒதுங்கி நிற்பதை மனத்தில் பார்த்தேன். 

நான் சொன்ன பொய்யை அப்பா எடுத்துக்கொண்டு லைனெல்லாம் நடந்தார். “மிஸ்ஸிய அப்புறம் வரச் சொல்லியிருக்காங்க. பெரிய எடம், மெதுவாத்தான் நடக்கும்.” மரவள்ளிக்கிழங்கில் மாவுள்ள நடுத்துண்டு எனக்கு வந்தது. வேலைக்குப் போகும்போது தெம்பு வேண்டுமாம். தங்கை என் தட்டைப் பார்ப்பாள். நான் சாப்பிட்டேன். அம்மா குழாயடியில் காலில் புண்ணுள்ள ஒருத்தியை, “கொஞ்சம் பொறு, இவ சேந்ததும் மருந்து கொண்டாருவா,” என்று தேற்றியதைக் கேட்டேன். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். நான் தண்ணீருக்குப் போவதைத் தங்கை தலையில் கட்டினேன்.

ஒருநாள் கூப்பன் அரிசிக்கு அப்பாவும் நானும் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவள், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் ஒருத்தியின் தாய். அப்பா வழக்கம்போல் தொடங்கினார்.

“மிஸ்ஸிய இன்னும் கூப்பிடலியா அண்ணே?” என்றாள் அவள்.

“கூப்பிடுவாங்க. காத்திருக்கச் சொல்லியிருக்காங்க.”

“என்னாண்ணே சொல்றீங்க? ஆளில்லாம செத்துக்கிட்டிருக்காங்க அங்க. எம் மக மூணு வார்டு ஒத்தையாத் தொடைக்கிறா. மிஸ்ஸிய மட்டும் காத்திருக்கச் சொன்னாங்களாமா?” என்று வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “ஜப்பான்கார ராசா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு போல.”

வரிசை சிரித்தது. அப்பாவுக்குப் பாதிதான் கேட்டது. மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, நல்ல வார்த்தைதான் சொல்லியிருப்பாள் என்று நினைத்து, அவரும் சிரித்தார். “ஆமாமா, வருவாங்க,” என்றார். 

தாழ்வாரத்தில் பட்ட வெட்கம் என்னைப் பற்றியது. அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இது வேறு. என் பொய்யைச் சுமந்துகொண்டு, அது பொய் என்றே தெரியாமல், ஊர் சிரிக்கத் தானும் சேர்ந்து சிரிக்கும் மனிதரின் பக்கத்தில் நின்றேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும்போல் இருந்தது. அரிசி வாங்கும்வரை நகர முடியாது. நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து, இடது பக்கம் போய்ச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை. 

“என்னா?”

லைன் வீட்டுச் சுவர்கள் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் வாழ்த்துவார்கள். அது தெரிந்தும் குரலை உயர்த்தினேன். “என் பேரு அங்க எழுதவே இல்லப்பா. நான் மெம்பர் இல்ல. மத்தவங்க கட்டுப் போட்டுப் பழகறதுக்காக நான் தரையில படுத்திருந்தேன். கூப்பிட யாரும் வரமாட்டாங்க. அன்னிக்கும் வந்திருக்க மாட்டாங்க.”

குழாயடியில் பேச்சு நின்றது. அடுத்த வீட்டில் சித்தப்பா இருமினார். அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. 

அப்பா என் வாயையே பார்த்தார். 

“படுத்துக்கிட்டா?” என்றார். “எல்லாச் சனிக்கிழமையுமா?”

“ஆமா.”

“அடிபட்ட மாதிரி?”

“ஆமாப்பா.”

“வலிச்சுச்சா?”

“சில நேரம்,” என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்த முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து வெளியே போய், கால்வாய் ஓரமாக நின்று ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். என்னைத் திட்டவில்லை. அன்று கிழங்கின் நடுத்துண்டு தங்கையின் தட்டில் விழுந்தது. அம்மாதான் வைத்தாள்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பி ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனேன். ஆயாக்களுக்குச் சப்பாத்து கிடையாது என்றார்கள். காலில் இருந்ததைக் கழற்றி மூலையில் வைத்தேன். பச்சைக்கரைச் சேலை ஒன்று கொடுத்தார்கள். புண் வார்டுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அக்கா மருந்துத் தட்டோடு வந்தாள். அவளும் நின்றாள்.

“நீர் இதுக்கு வந்திருக்கத் தேவையில்லை,” என்றாள்.

“அடுத்த முதலுதவித் தேர்வு நடத்தினால் நான் எழுத வேண்டும், அக்கா,” என்றேன். வாளி கையில் இருந்தது. “அதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?”

“இப்ப ஆர் நடத்தினம்? தெரியேல்லை. டொக்டரிட்டத்தான் கேக்கோணும்.”

வார்டைத் துடைத்து முடித்தேன். மதியம் டாக்டர் சுற்றி வந்து கடைசிக் கட்டிலருகே நின்றபோது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய், என் பேரையும் அப்பா பேரையும் லைன் வீட்டு நம்பரையும் சொல்லி, அடுத்த தேர்வுக்கு எழுதிக்கொள்ளும்படி கேட்டுவிட்டேன்.